பரனூரில் இறங்கினால் உலக நகரம்

(கிழக்குத் தாம்பரத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலக நகரம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் தாம்பரத்துக்காரர்கள் யோசிக்கவே வேண்டாம். செங்கல்பட்டு வண்டி ஏறி, வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில் எல்லாம் தாண்டி, பரனூரில் இறங்க வேண்டும். வெளியே வந்தால் பெயர்ப்பலகையே சொல்லிவிடும்: மகேந்திரா வேர்ல்டு சிட்டி. 2002இல் தொடங்கியது, ஏறக்குறைய 1,500 ஏக்கர். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிறவர்களுக்கு அந்த இடத்தின் அடையாளம் வேறு. பரனூர் டோல்கேட். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிற நம் ஆட்கள், குழந்தைகளோடும் முறுக்கு டப்பாவோடும், உலக நகரத்தின் வாசலில் மணிக்கணக்காக நின்றிருக்கிறார்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'சென்னை ஓர் உலக நகரமா?' என்பது. தலைப்பில் இருப்பது சென்னை. நான் பேசப்போவது தாம்பரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் பற்றி. நம் சானடோரியத்தில் சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே நாடி பார்க்கிற வைத்தியர் நெஞ்சைத் தொடுவதில்லை, மணிக்கட்டைத்தான் பிடிக்கிறார். சென்னைக்கு மணிக்கட்டு இந்தப் பக்கம்தான்.

'உலக நகரம்' என்ற சொல்லுக்கும் மெட்ராஸுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. பேட்ரிக் கெடிஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். உயிரியல் படித்தவர், பிறகு ஊர்களையும் ஓர் உயிரைப் பார்ப்பதுபோலவே பார்க்கத் தொடங்கியவர். நகரங்களைப் பற்றி அவர் சேர்த்துவைத்திருந்த வரைபடங்களையும் படங்களையும் இங்கே கண்காட்சியாக வைக்க வேண்டும் என்று மெட்ராஸ் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்தார். 1914இல் அவை கப்பலேறின. அந்தக் கப்பலை நடுக்கடலில் மூழ்கடித்தது ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். அதற்குச் சில வாரங்களுக்கு முன், செப்டம்பர் 22 இரவு, மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே எம்டன். "அவன் பெரிய எம்டன்டா" என்று நாம் இன்றைக்கும் சொல்கிறோமே, அதே கப்பல்தான். கெடிஸ் அசரவில்லை. வேறு படங்களைத் திரட்டி 1915இல் மெட்ராஸில் கண்காட்சி நடத்திவிட்டார். அதே ஆண்டு வெளிவந்த 'சிட்டீஸ் இன் எவல்யூஷன்' என்ற அவருடைய நூலில்தான் உலக நகரம் என்ற சொல் இன்றைய பொருளில் புழக்கத்துக்கு வந்தது என்பார்கள். அந்த நூலில் அவர் புதிதாக உண்டாக்கிய சொல் இன்னொன்றும் இருக்கிறது: கானர்பேஷன். ஊர்கள் தம்பாட்டுக்கு வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று தெரியாமல் கிடப்பதற்குப் பெயர்.

நமக்கு இரண்டாவது சொல் தாராளமாகப் பொருந்தும். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். முதல் சொல் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

இன்றைக்கு இதற்கென்று தரவரிசையே போடுகிறார்கள். இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுக் குழு ஒன்று உலகத்து நகரங்களை ஆல்பா, பீட்டா, காமா என்று அடுக்குகிறது. கணக்குத் தணிக்கை, சட்டம், விளம்பரம், வங்கி ஆகிய தொழில்களில் இருக்கும் பெரிய நிறுவனங்கள் எந்தெந்த ஊரில் அலுவலகம் வைத்திருக்கின்றன, அவற்றுக்குள் எவ்வளவு தொடர்பு என்பதுதான் அளவுகோல். பணம் எங்கே சுற்றுகிறது என்று அறிய அது நல்ல கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் அந்த அலுவலகத்தின் மாடியில் வேலை முடித்தவர் வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று அந்தக் கணக்கில் ஒரு பத்தி கிடையாது.

என்னுடைய அளவுகோல் ரொம்பச் சின்னது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், சொந்த வண்டி இல்லாமல், யார் தயவும் இல்லாமல், இருட்டிய பிறகும், இந்த ஊரில் நினைத்த இடத்துக்குப் போய் வர முடிகிறதா? முடிந்தால் அது உலகத்துக்குத் திறந்த ஊர். முடியாவிட்டால் அங்கே எத்தனை கண்ணாடிக் கட்டடம் நின்றாலும் அது விலாசங்களின் தொகுப்புதான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தாம்பரம் ஒரு காலத்தில் நன்றாகவே தேறியிருக்கிறது. 1928இல் டாக்டர் சவுரிமுத்து இங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார். காற்று நல்ல காற்று என்று நோயாளிகள் தேடி வந்த ஊர் இது. (ஜி.எஸ்.டி. ரோட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.) 1931இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937இல் பாரிமுனைப் பக்கம் நூறு வருடம் இருந்த கிறிஸ்தவக் கல்லூரி, அந்த இடம் போதாமல், இங்கிருந்த காட்டுக்குள் குடிபெயர்ந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். உலகக் கிறிஸ்தவ மிஷன்களின் பேரவை தன் பெரிய மாநாட்டைச் சீனாவின் ஹாங்சோ நகரில் நடத்துவதாக இருந்தது. ஜப்பான் சீனாவுக்குள் படையெடுத்துவிட்டதால் இடம் மாற்ற வேண்டி வந்தது. மாற்றிய இடம் தாம்பரம். 1938 டிசம்பரில், ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து 400க்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கல்லூரி வளாகத்தில் வந்து தங்கினார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்த சீனாவிலிருந்தும் வந்தார்கள், ஜப்பானிலிருந்தும் வந்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆல்பர்ட் லுத்தூலி வந்தார். பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். உலகம் இரண்டாம் போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாதத்தில் அது தாம்பரத்து மரநிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. இன்றும் இறையியல் நூலகங்களில் 'தாம்பரம்' என்றால் அந்த மாநாடுதான். நாம் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு சிக்னலில் நிற்கும்போது, எங்கோ ஜெர்மனியில் ஒரு மாணவர் நம் ஊரின் பெயரை அடிக்குறிப்பில் எழுதிக்கொண்டிருக்கலாம்.

அந்தத் தாம்பரத்துக்கு அப்போது மாநகராட்சி இல்லை, மேம்பாலம் இல்லை. ரயில் இருந்தது. ரயில் கட்டிய ஊர் எப்படி இருக்கும் என்று இந்தப் பாதையில் பார்க்கலாம். ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் ஒரு கடைத்தெரு. அதைச் சுற்றி நடக்கும் தூரத்துக்குள் வீடுகள். குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது குரோம் தோல் தொழிற்சாலை, ஊராக்கியது ஸ்டேஷன். பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் வருவதற்கும் அதுதான் காரணம். பல்லாவரத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அங்கே மனிதன் நடமாடத் தொடங்கி லட்சக்கணக்கான வருடங்கள் ஆகின்றன. அவன் நடக்க ஒழுங்கான நடைபாதைதான் இன்னும் முடியவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? 1990களுக்குப் பிறகு ஊர் ரயிலை விட்டு விலகி வளர ஆரம்பித்தது. நிலம் ஸ்டேஷன் பக்கத்தில் விலையேறிவிட்டது. ஏரி ஓரத்திலும் வயலிலும் லேஅவுட் போட்டார்கள். கிரவுண்டு கணக்கில் விற்றார்கள். விளம்பரங்களைக் கவனித்திருப்பீர்கள், தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லவே மாட்டார்கள். 'தாம்பரத்திலிருந்து 15 நிமிடம்'. எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் இருக்காது. அப்படி நம்பி வாங்கியவர்களை நான் கேலி செய்யவில்லை. நானும் செம்பாக்கத்தில் அப்படி வாங்கியவன்தான். என் சம்பளத்துக்கு மயிலாப்பூரில் மாடிப்படிதான் கிடைத்திருக்கும். தென்மாவட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஊருக்குப் போகும் ரயிலும் பஸ்ஸும் இந்த வழியாகத்தானே போகின்றன. பிறந்த ஊரின் திசையிலேயே குடியேறிவிட்டோம்.

இந்தக் காலத்தில் கிழக்கே இன்னொரு ஊர் முளைத்தது. 2000இல் டைடல் பார்க், அதன் பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் சிறுசேரி வரை கணினி நிறுவனங்கள். தரவரிசைக்காரர்கள் சென்னையில் தேடிவருவது அந்தச் சாலையைத்தான். உலகத்தின் பல மூலைகளுக்கும் அங்கிருந்து வேலை நடக்கிறது. அந்தச் சாலைக்கு ரயில் போடாமலேயே அத்தனை லட்சம் பேரை அங்கே வேலைக்கு வரச் சொன்னோம். கம்பெனி பஸ்ஸும் கேபும் அந்த இடத்தை நிரப்பின. அடையாள அட்டை கழுத்தில் இருந்தால் ஏசி பஸ்ஸில் ஏறலாம். அங்கே டீக்கடை வைத்திருப்பவர் எப்படி வந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

என் அத்தை முடிச்சூரில் இருக்கிறார். 72 வயது. மகள் வீடு சோழிங்கநல்லூரில். நடுவே இருபது கிலோமீட்டர் சொச்சம். முடிச்சூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து மேற்குத் தாம்பரம். அங்கிருந்து நடைமேம்பாலம் ஏறி இறங்கிக் கிழக்கு. முழங்கால் வலிக்காரருக்கு அந்தப் படிகள் பழனி மலை. பிறகு மேடவாக்கம் வழியாகப் போகும் 99. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அத்தை அந்த பஸ்ஸுக்காகத்தான் காத்திருப்பார், இலவசம் என்பதைவிட அது தன் உரிமை என்பதால். (இந்த ஊரை உலகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோன ஒரு காரியம் என்றால் நான் அதைச் சொல்வேன். பல பெண்கள் 'சும்மா போய்ப் பார்த்துட்டு வரலாம்' என்று கிளம்ப முடிந்தது அதற்குப் பிறகுதான்.) இறங்கியதும் மறுபடி ஒரு ஆட்டோ. போய்ச் சேர்ந்து மீன் குழம்புத் தூக்கை வைத்துவிட்டு அத்தை சொன்ன தீர்ப்பு: "இதுக்கு திருச்சிக்கே போயிட்டு வந்துரலாம்டா."

மிகையில்லை. தாம்பரத்திலிருந்து திருச்சிக்கு ஒரே வண்டி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் போதும். இங்கே நான்கு கட்டம், மூன்று காத்திருப்பு, ஒவ்வொன்றிலும் யாரிடமாவது கேட்க வேண்டும்.

நம் ஊரைக் கார் ஊர் என்றுகூடச் சொல்ல முடியாது. டூவீலர் ஊர். கார் இல்லாதவருக்கு டூவீலர். அதுவும் ஓட்டாதவருக்கு ஷேர் ஆட்டோ. அது வராத தெருவில் இருப்பவருக்கு, "யாராவது வந்து கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு போன். அந்த போன்தான் எனக்கு உறுத்துகிறது. வயதானவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வண்டி ஓட்டாத பெண்கள், கண் தெரியாதவர்கள் எல்லோரும் இன்னொருவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில்தான் வெளியே போக முடியும் என்றால், அவர்கள் வாழ்வது நகரத்திலா? கிராமத்தில்கூட இதைவிடச் சுதந்திரம் உண்டு. நடந்தே எல்லாவற்றுக்கும் போய்விடலாம்.

இதில் ஒரு வேடிக்கை. உலகத்துக்குக் கார் செய்து அனுப்பியதும் நம் பகுதிதான். மறைமலைநகரில் ஃபோர்டு செய்த கார்கள் கப்பலேறி வெளிநாடு போயின; 2022இல் அங்கே உற்பத்தி நின்றது. ஒரகடத்தில் இன்றும் செய்கிறார்கள். அந்தக் கார்களைப் பூட்டிய தொழிலாளி காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்பவர்.

நீங்கள் எதிர்க்கேள்வி கேட்கலாம். லாஸ் ஏஞ்சலிஸ் முழுக்க முழுக்கக் கார் ஊர், அதை உலக நகரம் இல்லை என்பாயா? சொல்ல எனக்குத் துணிவில்லை. உலகம் பார்க்கும் சினிமா அங்கிருந்து வருகிறது. பசிபிக் கடலின் பெரிய துறைமுகங்கள் அங்கே இருக்கின்றன. மெக்சிகோ, கொரியா, ஈரான் என்று பாதி உலகம் அங்கே குடியிருக்கிறது. ரேனர் பானம் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலை ஆய்வாளர் அந்த ஊரைப் புரிந்துகொள்வதற்காகவே கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, 1971இல் அதைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதினார். அங்கே கார் ஓட்டக் கற்றால் ஊர் முழுவதையும் படித்துவிடலாம்போல. இங்கே ஓட்டக் கற்றவருக்கு மேடவாக்கம் கூட்டுரோடு ஒன்றுதான் படிக்கக் கிடைக்கிறது, திரும்பத் திரும்ப.

ஆனால் அதே லாஸ் ஏஞ்சலிஸில் முன்பு ஆயிரம் மைலுக்கு மேல் மின்சார ரயில் பாதை இருந்தது, சிவப்பு வண்டிகள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, 1961இல் கடைசி வண்டியையும் நிறுத்தினார்கள். 1990இல் மறுபடி தண்டவாளம் போட ஆரம்பித்தார்கள், கோடிகோடியாகக் கொட்டி, இன்னும் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாமும் சளைத்தவர்கள் இல்லை. மெட்ராஸில் 1895இலேயே மின்சார டிராம் ஓடியது, 1953இல் மூடினோம். வேளச்சேரி வரை 2007இல் வந்த பறக்கும் ரயிலைப் பரங்கிமலையோடு சேர்க்க மிச்சமிருந்தது ஐந்தே கிலோமீட்டர். 2008இல் தொடங்கிய அந்த வேலை பதினைந்து வருடத்துக்கும் மேல் இழுத்தது. விமான நிலையம் வரை 2016இல் வந்துவிட்ட மெட்ரோவைக் கிளாம்பாக்கத்துக்கு நீட்டும் 15.5 கிலோமீட்டரைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசி வருகிறோம்.

கிளாம்பாக்கம் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். வெளியூர் பஸ் நிலையம் பாரிமுனையில் இருந்தது, 2002இல் கோயம்பேட்டுக்குப் போனது, 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கத்தில் திறந்தார்கள். கட்டடத்தில் குறை சொல்ல மாட்டேன். விசாலம், வெளிச்சம், சுத்தம். ரயில் பாதை எதிரிலேயே போகிறது. திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. முன்னால் வண்டலூர், பின்னால் ஊரப்பாக்கம். திருநெல்வேலியிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு மூட்டையோடு இறங்கியவர், கண்ணெதிரே மின்சார ரயில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே ஆட்டோவுக்குப் பேரம் பேசினார். இதற்கு நேர்மாறாக, சிங்கப்பூரில் கார் வாங்கும் உரிமையையே 1990 முதல் ஏலம் விடுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கார் இல்லாமலே ஊரைச் சுற்றிவிட்டு, தாம்பரத்துக்கு விடுமுறையில் வந்ததும் முதல் வேலையாக வாடகைக் கார் தேடுகிறார்கள். பிள்ளைகள் மாறவில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியைப் பற்றிப் பேசக் கூடாது. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், பீர்க்கன்காரணை எல்லாமே ஏரியைச் சொல்லித்தான் ஊரைச் சொல்வோம். ரயிலடி ஊர் மேட்டில் நின்றது. வண்டி ஊர் பள்ளத்தில் இறங்கியது. 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகில் ஆட்களை மீட்டார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மிச்சமிருந்த 1,247 ஹெக்டேருக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. குப்பை மேட்டுக்கும் கட்டடங்களுக்கும் போனது போக மிச்சம். இப்போதெல்லாம் புயல் அறிவிப்பு வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்துகிறார்கள். காருக்காகக் கட்டிய பாலம் காருக்கே நிவாரண முகாம் ஆகிவிட்டது.

சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கினார்கள். அரக்கோணம்கூட உள்ளே. வரைபடத்தில் கோட்டைத் தள்ளிப் போட ஓர் அரசாணை போதும். என் அத்தையை அந்தக் கோட்டுக்குள் நகர்த்த அது போதாது.

தலைப்புக்கு விடை கேட்டால் இப்படிச் சொல்வேன். பீச்சிலிருந்து செங்கல்பட்டு வரை ரயில் பாதையின் இரு புறமும், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம் வரை, சென்னை உலக நகரம்தான். நெரிசல் இருக்கிறது, பிதுங்கி வழிகிறது, ஏசி வண்டியே 2025 ஏப்ரலில்தான் வந்தது. இருந்தாலும் அந்தப் பெட்டியில் ஒடிசாக்காரத் தொழிலாளியும் கல்லூரிப் பேராசிரியரும் பூக்காரம்மாவும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஞாயிறு மாலை மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டில் நின்று பாருங்கள், எத்தனை மொழி காதில் விழுகிறது என்று. அந்த நடைதூரத்துக்கு அப்பால் இருப்பது இன்னும் ஊராகவில்லை, லேஅவுட்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2022 நவம்பர் 1ஆம் தேதி நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அன்று முதலமைச்சர் கலந்துகொண்ட கூட்டம் நம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில்தான் நடந்தது. அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போக வேண்டும். போய் மேம்பாலம் கேட்காதீர்கள். அதைக் கேட்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் லேஅவுட் வாசலிலிருந்து பக்கத்து ஸ்டேஷனுக்கு, விடிகாலை முதல் கடைசி ரயில் வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு சிற்றுந்து. அதுவரை நடந்து போக, வண்டி நிறுத்தாத, சாக்கடை மூடி உடையாத ஒரு நடைபாதை. இந்த இரண்டை மட்டும் மனுவாக எழுதுங்கள். எழுதியதும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். முதல் கையெழுத்துக்கு முடிச்சூரிலிருந்து அத்தையை நானே கூட்டி வருகிறேன்.